கசிவும் காரணமும்

விளைவு ஒன்றைக் கண்டு அதன் காரணத்தைத் தேடிச் செல்லும் அறிவு, எந்த இடத்தில் போய் நின்றால் போதும் என்பது இந்திய மெய்யியல் நெடுங்காலம் விவாதித்த வினாக்களுள் ஒன்று. நியாயமும் பௌத்தமும் சைவ சித்தாந்தமும் தத்தம் வழியில் இதற்கு விடை கூறியுள்ளன; உலகாயதமோ அந்தத் தேடலின் அடிப்படையையே ஐயுற்றது. இவ்வினா ஏட்டுக்குள் மட்டும் வாழ்வதன்று. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, இராசபாளையம், சேத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளின் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் மர வரிசைகளுக்கு இடையே உழுவதற்கென்று இரண்டாங்கையாக வாங்கப்பட்ட மினி டிராக்டர் ஒன்றின் அடியில் கரிய எண்ணெய் சொட்டத் தொடங்கும்போது, அதன் உரிமையாளரும் மெக்கானிக்கும் எதிர்கொள்வது இதே வினாவைத்தான். சமயக் கொள்கையில் நேரும் பிழை ஒரு வாழ்நாள் முழுவதும் வெளிப்படாமலே இருந்துவிடக்கூடும். எஞ்சினைப் பற்றிய பிழையான அனுமானமோ சில நாட்களில் மீண்டும் மண்ணில் சொட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் காரணம் பற்றிய பழைய கொள்கைகளை உரைத்துப் பார்ப்பதற்கு இந்தச் சிறிய இயந்திரம் நல்ல உரைகல்லாக அமைகிறது.

மினி டிராக்டர் என்பது பெரும்பாலும் 15 முதல் 25 குதிரைத்திறன் வரையிலான, ஒன்று முதல் மூன்று சிலிண்டர்கள் கொண்ட டீசல் வண்டி. அதன் எஞ்சினின் அடிப்பகுதியில் சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டி உண்டு. அங்கிருந்து பம்பு எண்ணெயை மேலே தள்ள, அது கிராங்க் பேரிங்குகளையும் மேலேயுள்ள வால்வு அமைப்பையும் நனைத்துவிட்டு மீண்டும் சம்பில் வந்து சேர்கிறது. இந்தச் சுழற்சி வெளியே சிந்தாதபடி காப்பவை இரண்டு வகைப் பொருள்கள். அசையாத இரு உலோகப் பரப்புகள் சேரும் இடத்தில் பேக்கிங் இருக்கிறது. டேப்பட் கவர், சிலிண்டர் ஹெட், டைமிங் கவர், சம்ப் ஆகியவற்றின் விளிம்புகளில் இருப்பது இதுவே. சுழலும் தண்டு உலோகச் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில், அதாவது கிராங்கின் முன்முனையிலும் பின்முனையிலும், ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் இருக்கிறது. அதன் மெல்லிய உதட்டை ஒரு சுருள்கம்பி தண்டின்மீது அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றோடு ஆயில் ஃபில்டரின் வளையம், டிரெயின் பிளக்கின் வாஷர், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சுவிட்ச் ஆகியவையும் சேர்கின்றன. எண்ணெய் வெளியேறக்கூடிய வாயில்கள் இவ்வளவு இருக்க, கண்ணுக்குத் தெரிவதோ அடியில் தொங்கும் ஒரு துளி மட்டுமே.

அந்தத் துளி எங்கே தொங்குகிறதோ அங்கேதான் பழுது என்று கொள்வதே இதில் நேரும் முதற்பிழை. எண்ணெய் இறக்கத்தை நோக்கி ஓடும். ரேடியேட்டர் விசிறியின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். கரிசல் புழுதி அதன்மேல் படிந்து, எஞ்சினின் பக்கம் முழுவதும் ஒரு கறுத்த பற்றாக இறுகும். டேப்பட் கவரின் பின்மூலையில் கசியும் எண்ணெய் எஞ்சினின் பின்சுவர் வழியே இறங்கி, கிளட்ச் வீட்டின் அடியில் போய்ச் சொட்டும். கீழே பார்ப்பவர் கிராங்கின் பின்சீல் போய்விட்டது என்று முடிவு செய்வார். அந்த சீலை மாற்ற வேண்டுமானால் டிராக்டரை நடுவே பிரித்து, கிளட்சையும் பிளைவீலையும் கழற்ற வேண்டும். டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றுவதற்கோ சில நட்டுகளைக் கழற்றினால் போதும். ஒரு திரிபுக் காட்சிக்கு உழவர் செலுத்த வேண்டிய விலை இவ்வளவு பெரியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளையும் உயிரையும் பற்றிப் பேசத் தொடங்கும் முன் அளவை இயலைப் பேசுகிறது. அளவை என்பது பொருளின் உண்மையை அளந்தறியும் கருவி. காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றினுள் பிற அளவைகள் அடங்கும் என்பது சித்தாந்தத்தின் துணிபு. காண்டல் என்றாலே அது உண்மையறிவு என்று அந்த நூல் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றோ வேறொன்றோ என்று ஊசலாடும் ஐயமும், ஒன்றை வேறொன்றாகவே துணிந்துவிடும் திரிபும் நீங்கிய பிறகு எஞ்சுவதே அளவையாகக் கொள்ளத்தக்க காட்சி. சாமியைப் பற்றிச் சொல்லவந்த நூல் கண்ணைப் பற்றி முதலில் ஏன் சொல்ல வேண்டும் என்று வியப்பவர்கள் உண்டு. பணிமனையில் நின்று பார்த்தால் அந்த வரிசையின் நியாயம் விளங்கும். தேர்ந்த மெக்கானிக் எவரும் ஸ்பானரை எடுப்பதற்கு முன் டீசலும் பிரஷும் எடுத்து எஞ்சினைக் கழுவுகிறார். பழைய பற்று முழுவதும் நீங்கி, உலோகம் உலர்ந்த பின், ஐயத்துக்குரிய இணைப்புகளின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவி, எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, விளக்கொளியில் மேலிருந்து கீழாகப் பார்த்து வருகிறார். வெண்பொடியில் முதலில் நனையும் இடமே எண்ணெய் புறப்படும் இடம். அதற்குக் கீழேயுள்ள ஈரமெல்லாம் ஓடிவந்த ஈரம். கழுவுதல் இங்கே பழுதுபார்ப்பின் முன்வேலை மட்டும் அன்று. அறிதலின் பாதியே அதுதான்.

கழுவிய பிறகும் கண் எட்டாத இடங்கள் இருக்கின்றன; அங்கே கருதல் தொடங்குகிறது. கருதல் என்பது கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது. அதையே அனுமானம் என்றும் வழங்குவர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். சூல்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல்; அது காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்வது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு அதன் தலைப்பகுதியில் மழை பெய்தது என்பது எச்சம். அது விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்புவது. கசிவைத் தேடுபவர் செய்வது இரண்டாவது வகை. வைப்பாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டை விளக்க வேண்டிய தேவையே இல்லை. சாத்தூரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் மேற்குமலையில் பெய்த மழை வைப்பாற்றில் செந்நீராக வந்து சேரும். ஆனால் எச்சத்தின் இடர்ப்பாடும் அதே ஆற்றிலேயே இருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அர்ச்சுனா ஆற்றுக்கும் வைப்பாற்றுக்கும் இடையே அமைந்துள்ளது. இரண்டும் கூடிய பின் கீழே வரும் வெள்ளத்தை மட்டும் பார்ப்பவருக்கு மழை பெய்தது என்பது உறுதி, எந்த ஆற்றின் தலைமாட்டில் பெய்தது என்பது உறுதியன்று. விளைவு ஒன்றாக இருந்து காரணங்கள் பலவாக இருக்கக்கூடும் என்ற இந்த இடரே அனுமானத்தின் மேல் தருக்க நூலார் எழுப்பிய தடைகளுள் வலிமையானது.

டிராக்டரில் இத்தடை ஒரு சிறு துளையின் வடிவில் இருக்கிறது. பல டிராக்டர்களில் கிளட்ச் வீட்டின் அடியில் விரல்நுனி அளவுள்ள துளை ஒன்று உண்டு. அது சேற்றால் அடைபடாதிருக்க ஒரு ஸ்பிளிட் பின் அதில் தளர்வாகத் தொங்கும். கிளட்ச் தட்டு நனையாமல் காக்கவே அத்துளை வைக்கப்பட்டது. அதில் எண்ணெய் சொட்டினால் அந்த எண்ணெய்க்கு இரண்டு பிறப்பிடங்கள் இருக்கலாம்: முன்பக்கம் எஞ்சினின் கிராங்க் பின்சீல், பின்பக்கம் கியர்பாக்ஸின் உள்தண்டு சீல். துளையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒரு முடிவும் கிட்டாது. துளியை வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினின் எண்ணெய் கரி கலந்து மை போலக் கறுத்து, விரலில் மெல்லியதாக ஓடும். கியர் ஆயில் தேன்நிறமாகக் கெட்டியாக இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி அடிக்கும். நிறமும் தடிப்பும் நாற்றமும் சேர்ந்து சாட்சி சொன்ன பிறகே வண்டியை எதற்காகப் பிரிக்கிறோம் என்பது தெளிவாகும். அனுமானத்தின் உயிர்நாடி வியாப்தி என்பர் தருக்கர். வியாப்தி என்பது ஏதுவுக்கும் அதனால் நிறுவப்படும் பொருளுக்கும் இடையே பிறழாது நிற்கும் தொடர்பு. துளையில் எண்ணெய் என்பது பிறழும் ஏது. துளையில் கந்தக நெடியுள்ள எண்ணெய் என்பது ஏறத்தாழப் பிறழா ஏது. ஏதுவை இப்படிக் கூர்மைப்படுத்துவதில்தான் தருக்கத்தின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

காட்சியன்றி வேறு அளவை இல்லை என்ற உலகாயதர் இந்த இடத்தில் குறுக்கிட்டு, கியர்பாக்ஸைப் பிரித்துக் கண்ணால் காணும்வரை எதையும் நம்பாதீர் என்பர். அவர்களது எச்சரிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் எதைப் பிரிப்பது என்று முடிவெடுப்பதற்கே அனுமானம் வேண்டியிருப்பதால் அவர்களது கொள்கை செயலளவில் நிற்காது. இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் வேற்றுமை முறை என ஒன்றை வகுத்தார்: எல்லாம் ஒத்திருக்க ஒன்றே ஒன்று மாறும்போது விளைவும் மாறுமாயின், மாறிய அந்த ஒன்றே காரணம் அல்லது காரணத்தின் பகுதி என்பது அது. ஒரே நாளில் டேப்பட் கவர் பேக்கிங்கையும் முன்சீலையும் மாற்றி, எண்ணெயின் தரத்தையும் மாற்றிவிட்டுக் கசிவு நின்றதென்று மகிழும் உரிமையாளர் கசிவிலிருந்து விடுபட்டார், காரணத்தை அறிந்தாரில்லை. அடுத்த கசிவுக்கு அவர் மீண்டும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கசியும் வாய் எது என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். முன்சீலின் உதடு வெப்பத்தால் இறுகி, தண்டை அணைக்கும் ஆற்றலை இழந்திருக்கிறது. பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி இறக்கினால் வேலை முடிந்ததா? இந்தக் கேள்விக்குச் சித்தாந்தத்தின் காரணப் பாகுபாடு நேராகப் பயன்படுகிறது. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று அந்நெறி கூறும். முதற்காரணம் காரியத்தோடு பிரியாது நிற்பது. துணைக்காரணம் காரியம் நிகழ உதவிவிட்டு விலகி நிற்பது. நிமித்த காரணம் இவ்விரண்டையும் கூட்டிவைக்கும் அறிவுடைப் பொருள். கசிவு என்னும் காரியத்துக்கு இறுகிய சீல் முதற்காரணத்தின் இடத்தில் நிற்கிறது. அதைத் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளிய அழுத்தம் ஒன்று உண்டு. பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து எரிந்த வாயுவின் ஒரு சிறுபகுதி எப்போதும் கிராங்க் அறைக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்கென்றே பிரீதர் என்னும் மூச்சுக்குழல் வைக்கப்பட்டுள்ளது. புழுதியும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து பிரீதர் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த வாய் நலிந்ததோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருவது அந்த அழுத்தத்தின் அடையாளம். மூடியைத் திறந்து வைத்த நிலையில் கசிவு தணிந்தால் பிரீதரைச் சந்தேகிக்க வேண்டும். பிரீதரைக் கழுவிய பிறகும் புகை குறையாவிட்டால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். இந்த அழுத்தம் துணைக்காரணம். பிரீதரைப் பல பருவங்களாகக் கழுவாமல் விட்டவரும், டிப் ஸ்டிக்கின் மேற்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றியவரும் நிமித்த காரணம். சீலை மட்டும் மாற்றி அழுத்தத்தை விட்டுவைத்தால், புதிய சீல் தாங்கும் வரை தாங்கிவிட்டு வழிவிடும். அது தாங்கினால் வேறொரு பேக்கிங் வழிவிடும். நோயை நாடுவதையும் நோயின் முதலை நாடுவதையும் திருக்குறளின் மருந்து அதிகாரம் இரண்டு தனிப் படிகளாக வைத்ததன் பொருத்தம் இங்கே கண்கூடாகிறது.

டிப் ஸ்டிக் இன்னொரு செய்தியையும் சொல்லும். அதைப் பலர் நல்ல செய்தியென்று கொண்டுவிடுகிறார்கள். கசிவு இருந்தும் எண்ணெய் மட்டம் குறையாமல் இருக்கிறது, சில வேளை ஏறவும் செய்கிறது என்றால், டீசல் பம்பின் உள்ளுறுப்பு பழுதாகி டீசல் சம்புக்குள் இறங்குகிறது என்று ஐயுற வேண்டும். டீசல் கலந்த எண்ணெய் மெலிந்து எல்லா இடுக்கிலும் கசியும், பேரிங்குகளையும் காக்காது. எண்ணெய் மட்டம் ஏறி, எண்ணெய் பால்கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. குறையாத மட்டத்தைக் கண்டு மனநிறைவோடு வண்டியைத் தோப்புக்கு ஓட்டிச் செல்பவர், கசியும் வண்டியைக் காட்டிலும் கேடான வண்டியை ஓட்டுகிறார்.

காரணத்தின் காரணத்தைத் தேடத் தொடங்கினால் அது எங்கே முடியும் என்ற இடையூறு இப்போது எழுகிறது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்துப் பொறியாளர் தாய்ச்சி ஓனோ 1978இல் வெளியிட்ட தம் நூலில், ஐந்துமுறை ஏன் என்று கேட்கும் பழக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இயந்திரம் நின்றது, மிகுபளுவால் ஃப்யூஸ் போனதனால். மிகுபளு, பேரிங்குக்கு எண்ணெய் போதாததனால். எண்ணெய் போதாமை, பம்பு சரிவர இழுக்காததனால். பம்பு இழுக்காமை, அதன் தண்டு தேய்ந்ததனால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத்துகள் உள்ளே சென்றதனால். ஃப்யூஸை மாற்றியிருந்தால் இயந்திரம் சில காலம் ஓடி மீண்டும் நின்றிருக்கும். ஆனால் வடிகட்டி ஏன் வைக்கப்படவில்லை, அதை வைக்காத மனிதர் ஏன் அவ்வாறு செய்தார் என்று ஆறாவது, ஏழாவது கேள்விகளும் எழத்தானே செய்யும்? முடிவின்றிப் பின்னோக்கி ஓடும் இந்த நிலையை நம் தருக்கர் அநவத்தை என்னும் குற்றமாகக் கருதினர். நிமித்த காரணனாகிய இறைவனிடத்தில் இந்த ஓட்டம் நிற்கிறது என்பது சைவத்தின் விடை. உலகத் தோற்றம் முழுமையையும் பற்றிய வினாவுக்கு அது விடையாகலாம். ஒரு குறிப்பிட்ட கசிவைப் பற்றிய வினாவுக்கு அதையே விடையாக வைப்பது அந்நெறியின் நோக்கமே அன்று.

பௌத்தத்தின் விடை பணிமனைக்கு இன்னும் அருகில் இருக்கிறது. மணிமேகலையின் 30ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பேதைமை தொடங்கிப் பன்னிரு சார்புகளை உரைக்கிறார். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதும், ஒன்று மீளவே அடுத்தது மீள்வதும் அந்த உரையின் சாரம். இச்சங்கிலிக்கு முதற்கண்ணி எது, அதற்கு முன் என்ன இருந்தது என்பதைப் பற்றி அந்நெறி கவலைப்படுவதில்லை. எந்தக் கண்ணியை அறுத்தால் துன்பம் மீண்டும் தோன்றாதோ அதைக் கண்டு அறுப்பதே அதன் அக்கறை. இந்த அளவுகோலைக் கைக்கொண்டால் தேடலை நிறுத்தும் இடம் தெளிவாகிறது: எதை மாற்றினால் பழுது திரும்பாதோ, எது மனிதக் கைக்கு எட்டுகிறதோ, அதுவரை கேட்டுச் செல்ல வேண்டும். சீலோடு நிற்பது குறைவு. பிரீதரைக் கழுவும் ஒழுங்கு ஒன்றை ஏற்படுத்துவது போதுமானது. எண்ணெய் ஏன் கீழ்நோக்கி ஓடுகிறது என்று கேட்பது மிகை.

இரண்டாங்கையாக வாங்கிய வண்டியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சமய நோக்கில் அதுவே ஆழமானது. இந்த வண்டியின் பிரீதரைக் கழுவாதவர் இன்றைய உரிமையாளர் அல்லர். முன்பு வைத்திருந்தவர் எண்ணெயை உரிய மணிக்கணக்கில் மாற்றவில்லை. விற்பதற்கு முன் வாட்டர் சர்வீஸ் செய்து, பெயின்ட் அடித்து, கசிவின் மேல் சீலன்ட் பசையை அள்ளி அப்பிவிட்டார். அவர் செய்த வினையின் பயனை வாங்கியவர் நுகர்கிறார். வினைக்கொள்கையின் அடிப்படையோ, செய்தவனே நுகர்வான், செய்யாதவனுக்குப் பயன் சேராது என்பது. அவ்வாறாயின் இங்கே நிகழ்வதை எவ்வாறு விளக்குவது? வாங்கியவரின் முற்பிறவி வினையே இந்த வண்டியின் உருவில் வந்தது என்று சொல்லிவிடலாம். பலரும் அவ்வாறே சொல்லித் தேற்றிக்கொள்கின்றனர். அந்த விளக்கம் தவறென்று நிறுவ இயலாது. ஆனால் எந்தக் கசிவுக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதால் அது எந்தக் கசிவையும் விளக்காது. பின்சீல் கசியும் வண்டிக்கும் டேப்பட் கவர் கசியும் வண்டிக்கும் வேறுபாடு காட்டாத விடையை வைத்துக்கொண்டு ஸ்பானரை எங்கே வைப்பது?

சித்தாந்தம் வினையைப் பற்றிக் கூறுவதைக் கூர்ந்து நோக்கினால், அது சோம்பலுக்கு இடம் தருவதன்று என்பது விளங்கும். தொகுதியாய்க் கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதிலிருந்து முதிர்ந்து இப்பிறவியில் நுகர்வதற்கு வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். விளைந்த தானியம் இன்றைய உணவாகவும் அடுத்த பருவத்துக்கு வித்தாகவும் ஆவது போல வினை நுகர்வும் புதுவினைக்கு வித்தாகிறது என்று சித்தியார் உழவுத் தொழிலை எடுத்துக்காட்டி விளக்குகிறது. மேலும், வினை சடம், அதாவது அறிவற்ற பொருள். தானே சென்று செய்தவனைச் சேரும் ஆற்றல் அதற்கில்லை என்பதும் அந்நெறியின் உறுதியான கொள்கை. ஆகவே வினை என்ற சொல்லைச் சொல்லிவிட்டதாலேயே ஒரு நிகழ்ச்சி முழுவதும் விளக்கப்பட்டுவிட்டதாகச் சித்தாந்தியும் கருத முடியாது. வாங்கிய வண்டியின் பழுது பிராரத்தத்தின் இடத்தில் இருக்கலாம். அதைத் தெரிந்த பிறகும் பசையை அப்பி இன்னொருவர் தலையில் கட்டுவது ஐயமின்றி ஆகாமியம். பழுதுக்கான பழி முன்னவருடையது. அதை நீக்கும் பொறுப்பு இன்று சாவியைக் கையில் வைத்திருப்பவருடையது. பழியும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே பலரைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது வினைக்கொள்கையின் அரிய பயன் என்றே கொள்ளலாம்.

ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஓட்டுவதை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பொட்டு வைப்பதற்கு முன் வண்டி முழுவதும் கழுவித் துடைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் பார்க்கப்படாத மூலைகள் அன்று பார்க்கப்படுகின்றன. வழிபாட்டின் ஒரு பகுதியாக அமைந்த இந்தத் துடைப்பை உண்மையான ஆராய்வாக விரித்துக்கொள்ளும் குடும்பங்கள் தோப்புப் பகுதிகளில் இருக்கவே செய்கின்றன. துடைக்காமல் பொட்டு மட்டும் வைப்பதுதான் குறை.

இதே மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இந்த வினா எண்ணெயோடு நிற்பதில்லை. பட்டாசு ஆலையில் விபத்து நேரும்போதெல்லாம், மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்று செய்தி வருகிறது. உராய்வு என்பது உண்மை. ஆனால் அது இறுகிய சீல் இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஏன் உராய்வு நேர்ந்தது என்று அடுத்துக் கேட்டால், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற விதியை மீறி நெருக்கியடித்து அமர்த்தியது தெரியவரலாம். முந்தைய நாள் மீந்த கலவை ஈரம்பட்டுத் தானே சூடேறியது தெரியவரலாம். அலுமினியப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் வெப்பம் விடும் என்பது வேதியியல் அறிந்ததே. அதற்கும் மேல் கேட்டால், உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்குப் பலருக்குப் பிரித்துக் கொடுத்ததும், எண்ணிக்கைக் கூலியால் கை விரைந்ததும், தீபாவளி ஆர்டர் நெருக்கியதும் வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். உதவி செய்யவும் பார்க்கவும் கூடியவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்து ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் கவனக்குறைவு என்ற இடத்திலோ, தலைவிதி என்ற இடத்திலோ தேடல் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. முன்னது மிகக் கீழே நிற்கிறது, பின்னது மிக மேலே நிற்கிறது. இரண்டுக்கும் இடையேதான் மனிதக் கை எட்டும் கண்ணிகள் எல்லாம் இருக்கின்றன.

அந்தக் கண்ணிகள் அறுக்கப்படக்கூடியவை என்பதற்கு இத்தொழிலின் வரலாற்றிலேயே சான்று உண்டு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்வுக்கும் தீப்பற்றும் என்பது அறியப்பட்ட பின் இந்தியப் பட்டாசுகளில் அக்கலவை தடை செய்யப்பட்டது. கவனமாக இரு என்று தொழிலாளிக்கு அறிவுரை சொல்வதோடு அன்று தேடல் நின்றிருந்தால் அந்தத் தடை வந்திருக்காது. தேடல் பொருளின் இயல்பு வரை சென்றதால் வந்தது.

இறந்தவரின் வீட்டில் விதி என்று சொல்வோரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. துயரத்தைத் தாங்கிக்கொள்ள அந்தச் சொல் தலைமுறை தலைமுறையாக உதவியிருக்கிறது. இழந்தவர் அதைச் சொல்லலாம். காரணம் தேடும் கடமை உள்ளவர் அதைச் சொல்லக்கூடாது. மெக்கானிக் தலையெழுத்து என்று கைவிரித்தால் உரிமையாளர் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போவார். விசாரணை அதிகாரி உராய்வு என்று எழுதி முடித்தால் அந்தக் குடும்பங்கள் வேறு எங்கே போகும்?

சீலை மாற்றிய மெக்கானிக்கின் வேலை எவ்வாறு முடிகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தண்டில் பழைய சீலின் உதடு அரித்த வரிப்பள்ளம் இருந்தால், புதிய சீலைச் சற்றே தள்ளி அமர்த்துகிறார். உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கியிருப்பதை விரலால் தடவி உறுதி செய்கிறார். அதற்கு எண்ணெய் தடவிய பிறகே தண்டில் ஏற்றுகிறார். வெப்பம் மிகுந்த இடமானால் ஏறத்தாழ 200 டிகிரி வரை தாங்கும் வைட்டான் வகையைத் தேர்கிறார். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 முதல் 120 டிகிரியைத் தாண்டினால் இறுகத் தொடங்கும். பிரீதரைக் கழுவி, எண்ணெயை டிப் ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு நடுவே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மீண்டும் பவுடர் தூவிப் பார்க்கிறார். பிறகு உரிமையாளரிடம், எதனால் கசிந்தது, இனி எதை எப்போது கழுவ வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புகிறார். கடைசியில் சொன்ன இதைச் செய்யாதவரை ஊரார் நல்ல மெக்கானிக் என்று சொல்வதில்லை.

பட்டாசு விபத்துகளை விசாரிப்போரிடம் கேட்கப்படுவதும் இவ்வளவே. எதனால் வெடித்தது என்பதை உராய்வுக்கு அப்பாலும் எழுதுங்கள். இனி எது மாற்றப்பட வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதியதைத் தமிழில் அச்சிட்டு, அதே வேலையை நாளை காலை செய்யப்போகும் மற்ற ஆலைகளின் தொழிலாளர் கையில் கொடுங்கள்.